இடுப்பு வரைக்கும்

எல்லாம் சரியாக ஞாபகமிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. 1987 தை மாதம், சூரிச்சில், லாங்ஸ்ட்ராச தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டின் நான்காம் மாடி, அதில் சந்தேகமில்லை. ஜெயமலரும் நானும், அகதி மனுப் போட்ட இரண்டு பெண்கள், ஒரே அறையில் இருந்தோம். அந்த ஒன்பது நாட்களில் அவள் எனக்குச் சொன்னதும் நான் கண்டதும் கலந்துபோய்விட்டன. கடைசியில் அவள் சொன்னது ‘ஓம்’ என்றா ‘வேண்டாம்’ என்றா என்பது மட்டும் நினைக்கும்போதெல்லாம் மாறுகிறது.

முதலில் தலையணை நனைந்திருந்தது.

ஹீட்டர் இரவு முழுக்கச் சுட்டுக்கொண்டிருந்த அறை அது. மாலையில் துவாயைக் கழுவிப் போட்டால் காலையில் அப்பளம்போல விறைத்துக் கிடக்கும். சடைகள் பின்னிக்கொண்ட மறுநாள் ஜெயமலர் கண் விழித்தபோது முதுகு குளிர்ந்தது. இடுப்பு வரை நீண்டிருந்த சடைகளின் நுனிகள் ஈரமாக இருந்தன. நுனிகள் மட்டும். பின்னிவிட்ட பியாட்ரிஸ், நுனிகள் அவிழாதிருக்க அவற்றைக் கொதிநீரில் தோய்த்திருந்தாள். ஆனால் அவை நேற்றே காய்ந்துவிட்டன. இப்போதைய ஈரம் குளிர்ந்திருந்தது. தலையணையில் அது காய்ந்த ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அவளுடைய முடி இயல்பிலேயே சுருட்டை. விரலில் சுற்றிய கம்பிபோலச் சுருண்டு நிற்கும். சுவிஸ் வந்து ஒன்றரை வருடத்தில், ஹீட்டர் காற்றில் காய்ந்து, கம்பளித் தொப்பியில் உரசி, சீப்பு வைத்த இடமெல்லாம் உடைந்தது. கழுத்துக்குக் கீழே வளரவில்லை. அவள் அதற்குக் கவலைப்பட்டதும் இல்லை, குகதாசனின் சம்பந்தம் வரும்வரை.

குகதாசன் இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். அவனிடம் பி பெர்மிட், இங்கே தங்கி வாழும் அனுமதி, இருந்தது. ஜெயமலரிடம் அகதி மனுவை நிராகரித்த கடிதம் இருந்தது. கலியாணம் நடந்தால் இங்கே இருக்கலாம். நடக்காவிட்டால் ஊருக்கு விமானம். சம்மதம் சொல்ல வேண்டியவள் குகதாசனின் தமக்கை தில்லைநாயகி. அவள் ஆராவிலிருந்து ரயிலேறி வந்து, கோட்டைக் கழற்றாமலே தலையைத்தான் பார்த்தாள்.

“என்ன பிள்ளை இது, பாத்திரம் தேய்க்கிற கம்பி மாதிரி?”

“நெருப்புக் காய்ச்சல் வந்து கொட்டுண்டு போச்சுது மச்சாள்.”

“அம்மாவுக்குப் படம் அனுப்ப வேணும். சடைக் குஞ்சம் இடுப்பில கிடக்க வேணும், சொல்லிப்போட்டன். மொட்டைப் பொம்பிளையைக் கட்டினான் எண்டு ஊர் சிரிக்கும்.”

எங்கள் மாடியிலேயே கடைசி அறையில் இருந்தவள் பியாட்ரிஸ். ஆப்பிரிக்காவின் சயீர் நாட்டுக்காரி. சனிக்கிழமைகளில் தன் நாட்டுப் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவாள். ஜெயமலரின் முடியைப் பிடித்துப் பார்த்து, இதை மூடிப் பாதுகாக்க வேண்டும், சீப்பே படக்கூடாது என்றாள். உடைந்த ஜெர்மனிலும் கைகளாலும் மூன்று வழிகளைக் காட்டினாள். மண்டையோடு ஒட்டிப் பின்னி மேலே சவுரி வைக்கலாம். கழுத்தளவில் முறுக்கி விடலாம். அல்லது நைலோன் முடி சேர்த்து, மெல்லிய சடைகளாக எவ்வளவு நீளமும்.

“கழுத்து வரைக்கும் நல்லது,” என்றாள் பியாட்ரிஸ். “நீளம் பாரம். பாரம் வேரைப் பிடுங்கும்.”

ஜெயமலர் என்னைப் பார்த்தாள். எனக்குத் தில்லைநாயகி சொன்னதுதான் காதில் இருந்தது.

“இடுப்பு வரைக்கும் போடு,” என்றேன்.

தேங்காயெண்ணெய் மணக்கப் பியாட்ரிஸ் ஏழு மணித்தியாலம் பின்னினாள். ஜெயமலர் எழும்பி நின்று தலையைத் திருப்பியபோது சடைகள் முதுகில் சரசரத்தன. அவளுடைய கை தானாகப் பின்னால் போய், அவற்றைக் கொத்தாகப் பிடித்து முன்னால் இழுத்து மார்போடு வைத்துக்கொண்டது. யாரும் பிடித்துவிடக்கூடாது என்பதுபோல.

உப்பைக் கண்ட அன்றுதான் உண்மையைச் சொன்னாள். நெருப்புக் காய்ச்சல் பொய். 85-இல் மாதகலிலிருந்து வள்ளத்தில் இந்தியா போகும்போது அலையில் வள்ளம் சரிந்து அவள் கடலில் விழுந்தாள். வள்ளக்காரன் அவளைக் கக்கத்தில் பிடித்து இழுத்தான். அவளோடு பாரமாக இன்னொன்றும் வந்தது. தங்கை மனோகரி, பதினேழு வயது, தண்ணீருக்குள் கிடந்து அக்காவின் சடையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். வள்ளம் மறுபடி சரிந்தது. வள்ளக்காரனிடம் கயிறு அறுக்கும் கத்தி இருந்தது.

“வெட்டவோ எண்டு கேட்டான்,” என்றாள் ஜெயமலர். “நான் ஓம் எண்டன்.”

ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குத் தலை வலித்தது. நெற்றியோரத்தில் மயிர் வேர்கள் வெள்ளைப் பருக்களாக எழும்பின. பியாட்ரிஸ் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

“நான் இவ்வளவு இறுக்கவில்லை. யார் இறுக்கினது?”

“ஒருத்தரும் இல்லை.”

“இப்பவே அவிழ்க்க வேண்டும்.”

ஜெயமலர் மறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கலியாணம்.

வேலை முடிந்து ட்ராமில் வரும்போது யாரோ பின் இருக்கையிலிருந்து மெல்ல இழுப்பது போலிருந்தது. திரும்பினாள். பின்னால் இருக்கை இல்லை. கண்ணாடிதான், அதற்கு அப்பால் இருட்டிவிட்ட ஐந்து மணி. பாலத்தில் இறங்கி நின்றாள். ஏரியிலிருந்து வந்த காற்று அவள் பாவாடையை நகரத்துப் பக்கம் அடித்தது. சடைகள் காற்றுக்கு எதிராக, ஏரிப் பக்கம், நேராக நீண்டு நின்றன. தண்ணீரைப் பார்க்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள்.

அதன்பின் இரவில் சடைகளைத் துவாயில் சுற்றிப் படுத்தாள். காலையில் துவாயைப் பிழிய வேண்டியிருந்தது. கூடிக்கூடி வந்தது பாரம். தலையை நேராக வைத்துக் கோப்பையில் குடிக்க முடியவில்லை. கழுத்து பின்னால் சாய்ந்தே இருந்தது. தில்லைநாயகி வந்து பார்த்துத் திருப்திப்பட்டாள்.

“இப்பதான் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்.”

ஞாயிறு காலை, பாலில் அறுகம்புல் போட்ட பாலறுகு வைத்து மணப்பெண்ணை நீராட்ட வேண்டும். அறுகுக்கு எங்கே போவது? பனியைக் கிளறிப் பூங்காவில் பிடுங்கிய புல்லைப் பாலில் போட்டோம். பொதுக் குளியலறைத் தொட்டிக்குள் ஒரு குட்டை முக்காலியில் ஜெயமலர் இருந்தாள்.

“தலையில ஊத்தாதை,” என்று என் கையைப் பிடித்தாள். “தோளில ஊத்து. காணும்.”

“தலை நனையாமல் என்ன நீராட்டு?” என்றாள் தில்லைநாயகி. “ஊத்து பிள்ளை.”

ஊற்றினேன்.

தொட்டியில் நான்கு விரற்கடை தண்ணீர் நின்றது. பால் கலந்து வெளுத்து அடி தெரியவில்லை. சடை நுனிகள் அதில் விழுந்தன. மிதக்கவில்லை. உள்ளே போயின. பிறகு விறைத்தன. எல்லாச் சடைகளும், ஒரே நேரத்தில், கயிறுபோல. ஜெயமலரின் தலை பின்னால் சாய்ந்தது. கண்கள் கூரையைப் பார்த்தன. நெற்றித் தோல் மேலேறி, மயிர்க்கால்களில் இரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது.

தில்லைநாயகி பாற்கிண்ணத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வாசலில் பியாட்ரிஸ் நின்றாள். கத்தரிக்கோலை என் கையில் வைத்தாள்.

நான் குனிந்தேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

“வெட்டவோ?”

அவள் உதடுகள் அசைந்தன.

வெட்டினேன். வெட்டிய சடைகள் ஒவ்வொன்றாக வெள்ளைத் தண்ணீருக்குள் இழுபட்டுப் போயின. நான்கு விரற்கடைத் தண்ணீருக்குள் அத்தனை நீளமும். ஒன்றும் மேலே வரவில்லை.

ஜெயமலர் நிமிர்ந்தாள். பிடரியைத் தடவினாள். சிரிக்கப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் அசைந்தது.

அவள் பிடரியில், மிஞ்சிய முடிக்குள், பள்ளங்கள் விழுந்தன. ஐந்து. பிறகு இன்னும் ஐந்து. சிறிய விரல்கள். நுனியைப் பிடித்திருந்தவள் இப்போது வேரைப் பிடித்துக்கொண்டாள்.

முக்காலி புரண்டது. முகம் வெள்ளைக்குள் போனது. நான் தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடினேன். முழங்கை வரை. தோள் வரை. என் கன்னம் தண்ணீரைத் தொட்டது. அடி தட்டவில்லை.

பொலிஸ் வந்தபோது அவள் தொட்டியில் கிடந்தாள். மயங்கி விழுந்து மூழ்கியதாக எழுதினார்கள். சடைகளை ஒருவரும் கண்டெடுக்கவில்லை. பியாட்ரிஸைப் பல தடவை விசாரித்து, அந்தப் பங்குனியில் கின்ஷாசாவுக்கு அனுப்பினார்கள். தில்லைநாயகி இப்போதும் ஆராவில்தான் இருக்கிறாள். வீட்டுத் தொட்டியைப் பலகை அடித்து மூடிவிட்டாள். குகதாசன் சித்திரையில் என்னைக் கட்டினார். எனக்குப் பெர்மிட் கிடைத்தது. ஒரு மகள் பிறந்தாள். தகப்பன் வழியிலும் என் வழியிலும் இல்லாத சுருட்டை முடி அவளுக்கு. அதை நான் வளர விடுவதில்லை. மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டுகிறேன். வெட்டும்போது அவள் ஒவ்வொரு முறையும், இன்னும் கதைக்கப் பழகாத வயதிலிருந்தே, அன்று ஜெயமலர் சொன்னதுபோல ஓமா வேண்டாமா என்று எனக்குப் பிடிபடாத ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்கிறாள்.