டி டிரைவில் இடமில்லை

ரம்லத்தின் கடைக்கு லேப்டாப்பைத் தோள்பையில் கொண்டுவருவார்கள், அவசரமென்றால் காய்கறிக் கட்டைப்பையிலும் போட்டுக்கொண்டு வருவார்கள். முனீஸ்வரி அதைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். மேஜைமேல் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இதைத் தொறந்தாலே மூலையில ஒரு எழுத்து வருதுக்கா. ரெக்கவரின்னு ஒரு டிரைவாம், அதுல இடம் இல்லையாம். மூடுனாலும் திரும்ப வந்து நிக்குது. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு பண்ணிட்டு வான்னு எங்க பெரியவரு சொன்னாக. அழிச்சிருங்க. அவுக போட்டோ இருந்தா அதை மட்டும் எடுத்துக் குடுத்திருங்க, பிள்ளை கேக்குது."

அவுக என்றது புருஷன் ஈஸ்வரபாண்டியை. நாற்பத்தைந்து நாளைக்கு முன்னால் சொந்தத் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக எடுத்தார்கள். பெரியவர் என்றது அவனுடைய அண்ணன் முத்துப்பாண்டியை.

சுருளிராஜன் பக்கத்து ஸ்டூலில் ஒரு கேமராவைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். கடையில் பாதிப் பங்கு அவனுக்கு. கேமரா மாட்டுவது, வயர் இழுப்பது, வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் விசாரிப்பது எல்லாம் அவன் பாடு. ரம்லத் ஐம்பதை எட்டியவர். செத்த டிஸ்க்கிலிருந்தும் விஷயத்தை எடுத்துவிடுவார் என்று பேர். எதற்கும் பதறமாட்டார்.

"அழிக்கிறது ஒரு நிமிஷ வேலை. எப்ப வேணாலும் செய்யலாம்" என்றார் ரம்லத். "இது எங்கன இருந்துச்சு?"

"கிணத்தடி மோட்டார் ரூம்லக்கா. கேபிள் வயரைத் திருடுறாங்கன்னு அவுக கேமரா மாட்டுனாக. அதுக்கு இதைத்தான் வச்சிருந்தாக. எல்லாம் முடிஞ்சப்புறம் பெரியவரு எடுத்துட்டு வந்து, பிள்ளைக்கு ஆகும்னு குடுத்தாக."

"அப்ப அந்த நாள் கேமராவுல பதிஞ்சிருக்கணுமே" என்று சுருளி துள்ளினான்.

"அன்னைக்குக் கரண்டே இல்லையாம். எங்க கரண்டுக் கம்பத்துல மட்டும் காலையில ஒம்பது மணிக்கே பீஸ் போயிருச்சாம், சாயங்காலந்தான் வந்துச்சாம். பெரியவரு கம்பம் டவுனுக்கு வேலையாப் போயிட்டு மூணு மணிக்குத்தான் திரும்புனாக." அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள். "கேமராவைப் பாத்து என்னக்கா ஆகப்போகுது? போலீசு தவறி விழுந்தாருன்னு எழுதுச்சு. ஊரு நம்பலை, தானா விழுந்துட்டாருன்னு பேசுது. நீச்சல் தெரிஞ்ச மனுசன் எப்படித் தவறி விழுந்து சாவான்? அன்னைக்கு மத்தியானம் பிள்ளை பள்ளிக்கூடத்துல மீட்டிங்கு. வாங்கன்னு காலையில கூப்புட்டேன். தோட்டத்துல வேலை கெடக்குன்னாக. ஆத்திரத்துல, போயி அந்தக் கிணத்துலயே விழுங்கன்னு சொல்லிட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் கேட்டாக. எம்புள்ள ஓவியா காதுலயும் விழுந்துச்சு. ஒம்பது வயசுதான். நாப்பத்தஞ்சு நாளா எம் மூஞ்சியப் பாத்து அது பேசலைக்கா."

சுருளி கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்தான். ரம்லத் மட்டும் அதே குரலில் கேட்டார்.

"போலீசு என்னென்ன திருப்பிக் குடுத்தாங்க?"

"கைக்கடிகாரம், செல்லு. மடியில மூணு பீஸ் கட்டை இருந்துச்சாம், அதையும் குடுத்தாக. கறுப்புக் கட்டை. எதுக்கு வச்சிருந்தாகன்னு தெரியலை. வீட்டுல அவுக நல்ல சட்டை ஒண்ணைக் காணோம். அதுவும் எங்க போச்சுன்னு தெரியலை."

"யாரு எடுத்தது, கிணத்துலருந்து?"

"பலவேசம். பெரியவரு தோட்டத்துல வேலை பாக்குற ஆளு. பெரியவரு திராட்சைக் கொடி வழியாத்தான் தூக்கிட்டு வந்தாக. சேத்துல வழுக்கி ரெண்டு தடவை உடம்பைக் கீழ போடப் பாத்தாக. எங்க வீட்டுக்குள்ள பூராவும் செம்மண் சேறு. நாந்தான் கழுவுனேன்."

மறுநாள் தோட்டத்துக்கே வருவதாகச் சொல்லி ரம்லத் அவளை அனுப்பிவைத்தார்.

முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்தார். எதைப் பார்ப்பதானாலும் பிரதியில்தான் பார்ப்பார். அதைத் திறந்ததும் மூலையில் அந்த எச்சரிக்கை வந்து நின்றது. ரெக்கவரி, டி. மொத்தம் பதினாலு ஜிபி. மிச்சம் ஒன்றுமே இல்லை.

"ரெக்கவரி டிரைவ் கம்பெனிக்காரன் வச்சதுக்கா" என்று சுருளி தெரியாதவருக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தான். "விண்டோஸ் படுத்துட்டா திரும்ப ஏத்துற சாமான் அதுல இருக்கும். ரெண்டு ஜிபிதான் காலியா விட்டிருப்பான். அதுல கொண்டுபோயி எந்தப் புத்திசாலி ஃபைலை வச்சான்னு தெரியலையே."

ரம்லத் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு ஸ்டிக்கர். சுருளிராஜன், கேமரா மற்றும் சர்வீஸ். அவனுடைய செல் நம்பர்.

சுருளிக்கு முகம் விழுந்துவிட்டது; கேமரா மாட்டிய எத்தனையோ தோட்டங்களில் அதுவும் ஒன்று என்று அப்போதுதான் நினைவு வந்தது. இருபது வருஷமாக வருகிற போகிற எல்லாரிடமும் அவன் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. சி விண்டோஸோடது, டி நம்மளோடது, எதை வச்சாலும் டி-யில வைங்க. அவன் கையாலேயே சேர்த்துக்கொடுத்த கம்ப்யூட்டர்களில் அது சரிதான், டிஸ்க்கைப் பிரித்ததும் அவனேதானே. ஈஸ்வரபாண்டியின் தோட்டத்துக்குப் போனபோதும் கை பழகிய வேகத்தில், கேமரா பதிவெல்லாம் டி-யில் விழும்படி வைத்துவிட்டு வந்திருந்தான். அது கம்பெனிக்காரனின் டி என்று பார்க்கவில்லை. ஆள் அசைந்தால் மட்டும் பதிகிற கேமரா என்பதால் அந்த டி நிரம்ப ரெண்டு வாரம் பிடித்திருக்கிறது.

கடைசிப் பதிவை ரம்லத் ஓடவிட்டார். அந்த நாள்தான். மஞ்சப்பையோடு ஈஸ்வரபாண்டி மோட்டார் ரூமுக்குள் போகிறான். வெளியே வரும்போது கையில் பை இல்லை, இன்சுலேஷன் டேப் மட்டும் இருக்கிறது. வாசலில் நின்று எதையோ ஒவ்வொன்றாக மடியில் செருகுகிறான். மூன்றாவதைச் செருகும்போது படம் பாதியில் நின்றது. மணி 10.52.

"அவ்வளவுதானா!" என்றான் சுருளி. "கரண்ட் போயிருச்சு போல. பெரியவர் சொன்னது சரிதான்."

"அவரு ஒம்பதுன்னுல்ல சொன்னாரு."

சுருளி விழித்தான். "ஆமாக்கா. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு. கேமராவுக்கு இல்லையே. பத்தம்பத்திரண்டுக்குக் கேமரா ஓடியிருக்குன்னா கரண்ட் இருந்திருக்கு."

"பதிவு நிக்கிறதுக்குக் காரணம் ரெண்டு, சுருளி. கரண்ட் இல்லாம நிக்கும், இடம் இல்லாமயும் நிக்கும். இது எதுல நின்னதுன்னு அந்தப் பொண்ணு வந்ததும் சொல்லிருச்சு." கேமரா மென்பொருள் எழுதிவைக்கும் குறிப்புப் பட்டியலைத் திறந்தார். அது சி டிரைவில் பத்திரமாக இருந்தது. "இதையும் படி."

சுருளி வாய்விட்டுப் படித்தான். பதினொண்ணு நாலு, அசைவு, இடமில்லை, பதியவில்லை. பதினொண்ணு ஒம்பது, அசைவு, இடமில்லை, பதியவில்லை. பன்னெண்டு பத்து, அதே. மூணு அஞ்சிலிருந்து வரிசையாக முப்பது வரி. படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கேமரா நாள் பூராவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றார் ரம்லத். "எழுதி வைக்கத்தான் இடமில்லை. மடியில செருகுறது என்னன்னு உனக்குத் தெரியுமே?"

"பீஸ் கட்டைக்கா. கிணத்துக்குள்ள இறங்கி மோட்டார் கேபிளைத் தொடுறவன் மூணையும் பிடுங்கி மடியில வச்சுக்குவான். மேல இருந்து எவனும் கரண்ட் குடுத்துறக் கூடாதுல்ல. கேமராவுக்கு நான் அந்தக் கட்டைக்கு முன்னாலயே லைன் எடுத்துட்டேன், அதான் அது மட்டும் ஓடியிருக்கு." சுருளி எழுந்தேவிட்டான். "சாகப் போறவன் உசுருக்குப் பயந்து கட்டையப் பிடுங்குவானாக்கா? அந்தப் பலவேசத்தைப் பிடிச்சு உலுக்குனா..."

"உக்காரு. நாளைக்குப் போயி எந்தக் கட்டை மாட்டியிருக்குன்னு மொதல்ல பாப்போம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் தோட்டத்துக்குப் போனபோது பந்தலில் திராட்சை கறுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே கிணறு, ஒரே மோட்டார், இரண்டு பங்கு. தெற்கே தம்பியுடையது, வடக்கே அண்ணனுடையது. முனீஸ்வரி சொல்லியனுப்பியிருந்ததால் முத்துப்பாண்டியும் வந்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம். பலவேசம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றார்.

"மிஷினை அழிக்கச் சொன்னா, எதுக்குங்க தோட்டம் வரைக்கும்?" என்றார் முத்துப்பாண்டி.

ரம்லத் பதில் சொல்லாமல் மோட்டார் ரூமுக்குள் எட்டிப்பார்த்தார். சுவர்ப் பலகையில் மூன்று பீஸ் கட்டை மாட்டியிருந்தது. மூன்றும் புது வெள்ளை.

"பழைய கறுப்புக் கட்டை மூணும் தம்பி மடியிலயே வீடு வந்து சேந்திருச்சு. இது யாரு போட்டது?"

"பெரியவரு கட்டைதான்" என்றார் பலவேசம் கள்ளமில்லாமல். "அவசரத்துக்குன்னு பைக் பொட்டியில எப்பவும் போட்டு வச்சிருப்பாரு."

"தம்பி செத்த அப்புறம் மாட்டுனேன்" என்றார் முத்துப்பாண்டி சட்டென்று.

"சரி. கிணத்துத் தண்ணி முறை எப்படிங்க?"

"பதினொரு மணி வரைக்கும் நாங்கக்கா. அப்புறம் பெரியவரு" என்றாள் முனீஸ்வரி.

"பலவேசம், அன்னைக்கு நீங்க எங்கன இருந்தீக?"

"லோயர் கேம்ப்ல மச்சினன் வீட்டு விசேசம்ங்க. மூணு மணிக்கு வந்து கிணத்துல எட்டிப்பாத்தேன். ஐயோன்னு குதிச்சேன்."

"தூக்கிட்டுப் போனப்ப பெரியவர் கொடிக்குள்ள சேறாமே. அதுக்கு முன்னால மழை கிழை உண்டா?"

"ஒரு மாசமா ஒரு பொட்டு இல்லைங்க. அன்னைக்குப் பாய்ச்சின தண்ணிதானங்க அது, முழங்கால் வரைக்கும்..." பலவேசம் பாதியில் நிறுத்தினார். தான் சொல்வது என்னவென்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாக முத்துப்பாண்டி பக்கம் திரும்பினார்.

"ஒம்பதுலருந்து கரண்ட் இல்லைன்னா, அந்தத் தண்ணி எப்படிங்க பாஞ்சுச்சு?" ரம்லத்தின் குரல் ஏறவேயில்லை. "பத்தம்பத்திரண்டுக்குத் தம்பி கட்டையப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டு, கேபிள் ஜாயிண்டுக்கு டேப் சுத்த இறங்குனாரு. பதினொண்ணு நாலுக்கு, தண்ணி முறைக்கு ஒரு ஆளு வந்தாரு. பலகையில கட்டை இல்லை. தன்கிட்ட இருந்ததை மாட்டி மோட்டாரைப் போட்டாரு. கீழ கேபிளைப் பிடிச்சிருந்தவருக்கு ஷாக் அடிச்சிருச்சு. பதினொண்ணு ஒம்பதுக்குக் கொடிப்பக்கம் போனாரு, பன்னெண்டு பத்துக்குத் திரும்பி வந்தாரு. சாயங்காலம் லேப்டாப்புல கேமரா பதிவைத் தட்டிப் பாத்திருப்பாரு. தான் வந்த நேரத்துக்குப் பதிவே இல்லை. ஏன்னு தெரியலை. கரண்ட் இல்லைன்னு சொன்னா பதிவு இல்லாததுக்கும் பொருந்தும், மோட்டார் ஓடலைங்கிறதுக்கும் பொருந்தும்னு நெனச்சிட்டாரு. உண்மையில இடம்தான் இல்லை, கரண்ட் இருந்துச்சு. கேமரா அவரு வந்ததையும் போனதையும் மணியோட குறிச்சு வச்சிருக்கு."

முத்துப்பாண்டி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வீம்புக்குப் பிடுங்கிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்" என்றார். "தண்ணிச் சண்டை வந்தா ரெண்டு பேரும் அதைத்தான் செய்வோம். அதுக்காகவே நான் வேற கட்டை வாங்கி வச்சிருந்தேன். அன்னைக்கு முதல் நாளு கூட வாய்ச்சண்டை. இவன் கட்டையப் பிடுங்குனா நான் பாய்ச்சாம விட்ருவேனான்னு... எட்டிக்கூடப் பாக்கலை. ஒரு மணி நேரம் பாய்ச்சினேன், ஆத்தா. பாட்டு கேட்டுக்கிட்டே பாய்ச்சினேன். நிப்பாட்ட வந்தப்பத்தான் மிதந்தான்."

முனீஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அது தெரியாம நடந்தது. சரி. ஊருல என்னைச் சொன்னாகளே, பொண்டாட்டி வாய்தான் கொன்னுச்சுன்னு. நம்ம வீட்டுல உக்காந்து நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக? எம்புள்ள கேட்டுச்சே. அப்பவும் சும்மாதான இருந்தீக?"

ரம்லத்துக்கு முத்துப்பாண்டியைப் பார்க்க இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"அந்த டிஸ்க்கைக் கழட்டி உறையில போட்டு ஒட்டி வச்சிருக்கேன். இன்னைக்கே நீங்களா ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லுங்க. பின்னாலயே நாங்க அதைக் கொண்டுவந்து குடுக்குறோம். லேப்டாப்புக்கு வேற டிஸ்க் போட்டாச்சும்மா, இனிமே அந்த எழுத்து வராது."

முத்துப்பாண்டி எழுந்து நடந்தார். பலவேசம் வழி விலகி நின்றாரே தவிரக் கூடப் போகவில்லை.

சுருளிக்கு ஒரு கணக்கு மட்டும் தீரவில்லை. "அக்கா, அந்த மஞ்சப்பை? உள்ள கொண்டுபோனாரு, வெளிய வரலையே."

ரம்லத் மோட்டார் ரூம் கதவைச் சுவரிலிருந்து விலக்கினார். பின்னால் வரிசையாக ஆணிகள், உரச்சாக்கு, கயிறு, பழைய பைகள். நடுவில் மஞ்சப்பை. அதன் மேல் ஒன்றரை மாதத் தூசி. அதை எடுத்து முனீஸ்வரியிடம் கொடுத்தார்.

உள்ளே இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம். அந்த மீட்டிங்குக்கு ஓவியாவின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அழைப்பு. பன்னிரண்டு மணி என்பதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

முனீஸ்வரி அதை விரித்து அந்த வட்டத்தை விரலால் தடவினாள். அழுவாள் என்று சுருளி எதிர்பார்த்தான். அவள் சட்டையைத் திரும்ப அதே மடிப்பில் மடித்தாள்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள், கிணற்றைப் பார்த்து. பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் வரை காத்திருக்காமல் ஓவியாவின் வகுப்புக்கே நடந்தாள்.