எறக்கிடவா?

மின்சாரக் கார் அணைந்துதான் இருந்தது. சாவி அவர் சட்டைப்பையில். ஆனாலும் அவர் ஜாக்கியை அழுத்தும்போது வண்டிக்குள் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது, கையை நிறுத்தினால் அதுவும் நின்றது. கடிகாரம் பழுது பார்க்கிறவர், இருபத்தெட்டு வருஷமாகச் சின்னச் சத்தங்களோடு மல்லுக்கட்டிய காது அது. பேட்டரியின் விசிறியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

எதிலும் நிதானம் பார்க்கிற ஆள். "ஒரு சக்கரம் மாத்த ஒரு வாரம் படிச்ச ஒரே மனுஷன் நீங்கதான்" என்று மனைவி காலையில்கூடக் கிண்டல் செய்தாள். செய்யட்டும். வண்டியின் வயிறு முழுக்கப் பேட்டரி, கண்ட இடத்தில் ஜாக்கி வைத்தால் தகடு நசுங்கும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். சார்ஜ் வயரைப் பிடுங்கினார், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார், ஓரத்தில் அதற்கென்றே இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து ரப்பர் வைத்துத் தூக்கினார். எண்ணெய் ஜாக்கி, கைப்பிடியைத் திருப்பினால் வண்டி இறங்கிவிடும். பக்கத்திலேயே இரும்பு ஸ்டாண்டையும் முட்டுக் கொடுத்து, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார்.

வெளியே மழை வலுத்திருந்தது. ஷெட்டுக்குள் ஈர சிமெண்ட் வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து அடைத்துக்கொண்டு நிற்க, தகரக் கூரையின் ஓசைக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எறக்கிடவா?"

அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நட்டு கைநழுவி உருண்டு வண்டிக்கு அடியில் போனது. குச்சியால் தள்ளிப் பார்த்தார், எட்டவில்லை. ஸ்டாண்டுதான் இருக்கிறதே என்று குப்புறப் படுத்துத் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தார். அடியில் சில்லென்று இருந்தது. முதுகுக்கு மேலே அந்த இரைச்சல், இப்போது அவர் எதையும் அழுத்தாமலேயே.

"எறக்கிடவா?"

குரல் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. மழைக்காகக் கத்துகிறாள் போல.

விரல் நுனியில் நட்டு பட்டு விலகியது. எரிச்சல் வந்தது. "எறக்கு, எறக்கு. எத்தனை தடவ கேப்ப?"

இரைச்சல் நின்றது.

எதிர்ப்பக்கம் கேட் கிறீச்சிட்டது. வண்டிக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கீற்றில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வெந்நீர எறக்குனீங்களா?" என்றாள் மனைவி. "கடைக்குப் போறேன், பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."



வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறையில் யாரும் இல்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார். முட்டுக் கொடுத்த இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டாண்டு சுவரோரமாக நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. அது சத்தியம்.

வெளியே வந்துவிட வேண்டும். பின்னால் நகர்ந்தார். முதுகில் தகடு தொட்டது. ஒரு அங்குலம் நகர்ந்தார். தகடு அழுந்தியது.

"இழு. என் காலப் புடிச்சு இழு."

"என்ன சொல்றீங்க? மழைல ஒண்ணும் கேக்கல."

புஸ்ஸென்று எண்ணெய் இறங்கும் சத்தம். நின்றது. மறுபடியும். மூச்சை உள்ளே இழுக்க இடம் போதவில்லை. கத்தப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

செருப்புகள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கமாக ஓடி வரத் தொடங்கின. அதற்குள் அவர் காதோடு காதாக, அதே மனைவியின் குரல், செல்லமாக:

"நீங்கதானே சொன்னீங்க."

இடுப்புக்குப் பக்கத்தில் ஜாக்கியின் கைப்பிடி தெரிந்தது. அது நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் அருகே எந்தக் காலும் இல்லை.