முக்காடு இல்லாத பயணி

"டிங்!"

கியூமர்ஸின் செல்போனில் குறுஞ்செய்தி.

'தங்கள் வாகனத்தில் முக்காடு அணியாத பெண் பயணம் செய்தது கேமராவில் பதிவாகியுள்ளது. வாகனம் பறிமுதல் செய்யப்படும்.'

கீழே அவனுடைய வண்டி நம்பர். நாள் இல்லை, நேரம் இல்லை.



கார் வாங்கிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அதில் எந்தப் பெண்ணும் ஏறியதே இல்லை!

மெல்லப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

காலி.

ஆனாலும் தர்லான் அங்கேதான் இருக்கிறாள் என்று தோன்றியது. அவன் மனைவி. முக்காடு போட மாட்டேன் என்று டெஹ்ரானோடு மூன்று வருடம் மல்லுக்கு நின்றவள். விவாகரத்து கேட்டவள். மூன்று வாரத்துக்கு முன்பு அவனால் கழுத்து நெரிக்கப்பட்டு, கும் நகரம் தாண்டி உப்புப் பாலைவனத்தில் புதைக்கப்பட்டவள்!

'இஸ்தான்புல்லுக்கு ஓடிட்டா' என்று போலீஸையே நம்பவைத்துவிட்டான். அவள் தம்பி மட்டும்தான் நம்பவில்லை.

இரண்டு நாள் பக்கத்து இருக்கையில் ரொட்டி மூட்டையை வைத்துக்கொண்டு ஓட்டினான். இடம் இருந்தால்தானே உட்காருவாள்!

மூன்றாம் நாள் போலீஸ் காரைப் பிடுங்கிக்கொண்டது. காவல் நிலையத்துக்கு ஓடினான்.

"ஜனாப், சத்தியமா இந்த வண்டியில பொம்பளையே ஏறினதில்ல! உங்க கேமரா பேயைப் படம் புடிச்சிருக்கு!"

சார்ஜென்ட் வஸீரி சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி தேநீரை உறிஞ்சினார்.

"பேய்க்கும் முக்காடு கட்டாயம்தான், சகோதரா. இந்தா, பாரு."

படத்தில்... தர்லான்!

கறுப்புக் கண்ணாடி. சீட் பெல்ட். ஜன்னலில் சாய்ந்த தலை. சோதனைச் சாவடிக்காரர்கள் தூங்குகிறாள் என்று நினைக்கட்டும் என்று பிணத்துக்கு அவனே செய்த அலங்காரம். உயிரோடு இருந்தவரை முக்காடு போடாதவளுக்குச் செத்த பிறகு போட்டுவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை!

"இ... இது நான் வித்த பழைய கார் ஜனாப்!"

"வித்தா என்ன? நம்ம நாட்டுல நம்பர் பலகை வண்டிக்கில்ல, ஆளுக்குத்தானே? கழட்டிப் புதுசுல நீதானே மாட்டின? எங்காளுங்க படம் பார்த்து முடிக்க மூணு வாரம் ஆயிடுச்சு."

அப்பாடா... பேய் இல்லை! கியூமர்ஸுக்குப் போன உயிர் திரும்பியது.

வஸீரியின் குரல் இறுகியது.

"யாரு இவ? கட்டினவளா... அந்நியப் பொண்ணா? அந்நியப் பொண்ணுன்னா சவுக்கடி!"

"ஐயையோ! நிக்காஹ் பண்ணின சொந்தப் பொண்டாட்டி ஜனாப்!"

"எழுதிக் கொடு."

எழுதினான். கையெழுத்துப் போட்டான். கைநாட்டும் வைத்தான்.

"நல்லது. 'இனிமே முக்காடு போடுவேன்'னு அந்தம்மா நேர்ல வந்து எழுதிக் கொடுக்கட்டும். வண்டியை எடுத்துட்டுப் போ."

"அவ... இஸ்தான்புல்ல இருக்கா."

"எப்பப் போனா?"

இருபது பேரிடம் சொல்லிப் பழகிய பொய். வாய் தானாகச் சொன்னது.

"ஆறாம் தேதி விமானத்துல."

வஸீரி படத்தைத் திருப்பினார். பின்பக்கம் அச்சடித்திருந்தது.

ஏழாம் தேதி. காலை பத்து நாற்பது. கும் நெடுஞ்சாலை.



கைவிலங்கை எடுத்தபடி வஸீரி சிரித்தார்.

"உன் மச்சினன் மூணு வாரமா 'அக்காவைக் காணோம்'னு கத்தினான். ஒருத்தனும் தேடல. முக்காட்டைக் காணோம்னதும் பார்த்தியா... அரசாங்கமே கண்டுபிடிச்சிடுச்சு!"