பன்னிரண்டாம் வாரத்துக் கொலைகாரன்

மாயவனின் பிணம் களிமண் கூழ்த் தொட்டியில் குப்புறக் கிடந்தது!

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறை. ஆண்டு 1972. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்தவன் மாயவன். 'கால் இடறி விழுந்தான்' என்று எழுதிக் கோப்பை மூடியது காவல்துறை.

ஊரும் நம்பியது.

ஒரு வார இதழ் மட்டும் நம்பவில்லை! அதன் மர்மத் தொடரில், பின்மண்டையில் கம்பியால் அடிபட்டுக் களிமண் தொட்டியில் செத்தான் ஒரு தொழிலாளி. 'கொலைகாரன் யார்? அடுத்த வாரம்!' என்று முடிந்தது பதினோராம் வாரம்.

தொடராசிரியர் பெயர்... சக்கரபாணி.

செவ்வாய் நண்பகல். சக்கரபாணி வீட்டு வாசற்கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. தாழிட்டவர் பட்டறை முதலாளி நடராசன்.

கையில் கத்தி!

"கடைசி அத்தியாயம் தபால்ல போயிட்டுதா?"

"இ... இன்னும் இல்லீங்க மொதலாளி."

"கொலகாரன் யாருய்யா?"

"எனக்குத் தெரியாதுங்க!"

"எழுதறவனுக்கே தெரியாதா? யாருகிட்ட காது குத்தற?"

கத்தி கழுத்தைத் தொட்டது.

"கம்பியால ஒரே அடி. பட்டறையில நானும் அவனுந்தான் இருந்தோம். அப்படியே எழுதியிருக்கியே... எங்க ஒளிஞ்சு பாத்த?"

"ஐயோ, பாக்கலீங்க! சத்தியமா நான் எழுதவே இல்லீங்க!"

"நான்தான் எழுதறேன்."

சமையலறை வாசலில் சக்கரபாணியின் மனைவி அம்புஜவல்லி. விரலெல்லாம் மை!

ஒன்பது ஆண்டுகள். நாற்பது நாவல்கள். அத்தனையும் அவள் மூளை. அட்டையில் மட்டும் ஆணின் பெயர்! பெண் எழுதினால் பேய்க்கதைகூடப் பயமுறுத்தாது என்று தீர்ப்பளித்த பதிப்புலகம் அது.

"பொம்பளயா!" நடராசன் சிரித்தார். "நீ பாத்தியா?"

"இல்ல. கதையில மேஸ்திரியத்தான் கொலகாரனா வச்சிருந்தேன். நீங்களா வந்து ஒத்துக்கிட்டீங்க."

சிரிப்பு செத்தது.

"அந்த அடி... எப்படித் தெரியும்?"

"பொணத்தக் குளிப்பாட்டினவங்க காயத்தப் பாத்தாங்க. கம்பிய நானா சேத்தேன்."

"ரெண்டு பேரயும் முடிச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

கத்தி உயர்ந்தது...

"எங்களுக்குத் தெரியுது மொதலாளி!"

அம்புஜவல்லியின் பின்னால் ஒரு தலை. இன்னொன்று. மொத்தம் ஏழு! பட்டறையில் கோப்பைகளுக்குப் பூ வரையும் பெண்கள்.

எழுதப் படிக்க அறியாதவர்கள். செவ்வாய்தோறும் சாப்பாட்டு வேளையில் கொல்லைப்புறமாக வந்து, தபாலுக்குப் போகுமுன் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பட்டறை விவரம் பிசகினால் திருத்துவார்கள். தம்மிடம் கூலி வாங்கும் பெண்களுக்கும் கதை வேண்டும் என்பது, முதலாளியின் சிந்தையில் ஒருநாளும் தோன்றாத செய்தி!

முன்னே வந்தாள் கொளஞ்சியம்மாள். மாயவனின் மனைவி. கையில் அரிவாள்மணை.

"குளிப்பாட்டினவ நான்தான்டா. கத்தியக் கீழ போடு!"

நடராசன் ஏழு பேரையும் எண்ணினார். போட்டார்.

ஏழு பேரும் சாட்சி சொல்ல, காவலர் வந்து அவரை இழுத்துச் சென்றபின், சக்கரபாணிக்கு மூச்சு வந்தது.

"அம்புஜம்... கடைசி அத்தியாயத்த யார் பேருல அனுப்பறது?"

"என் பேருலதாங்க. கொலகாரனே தன் பேர வந்து சொல்லிட்டுப் போறான்... என் பேர மறைக்க நான் என்ன கொலயா பண்ணேன்?"