கேப்டன் கை வைத்த தண்ணீர்

டெலிபோன் அலறியது.

மூன்றாவது அலறலில்தான் எடுத்தார் கேப்டன் போய்ட் ட்ராமெல். முதல் மணியிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் காத்துக்கொண்டிருந்த மாதிரி தெரிந்துவிடக் கூடாதே!

"கேப்டன்...!" மறுமுனையில் மார்லா. அவருடைய படகுக் கம்பெனியின் வழிகாட்டிப் பெண். "ப்ரெஸ்டனோட கயாக் படகு கவுந்துடுச்சு... முதல் சுழல்லயே!"

"லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தார்... மிதக்கத்தான் செஞ்சார். ஆனா மூச்சு இல்ல கேப்டன்! தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு! நீங்க அறுபத்து நாலு டிகிரின்னு சொன்னீங்களே...?"

"கடவுளே! இதோ வர்றேன்!"

ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றார். முகத்துக்குச் சோகத்தை வரவழைத்தார். போதவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

இப்போது சரியாக இருந்தது.

கப்பலே பார்க்காத ஐடஹோ மலைக்குள் 'கேப்டன்' பட்டம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தொப்பியோடு வந்தது.

ஜீப் சுழலை நோக்கிப் பறந்தது. பாதியில் நின்றது.

ஆற்றங்கரையில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் தலையில் ஆன்டெனா. அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கேபிள். நுனியில் அரசாங்கத்தின் வெப்பமானி. ஆற்றின் சூடு எவ்வளவு என்று அது சொல்லும். இன்டர்நெட்டில் அந்த எண் வரும். படகு விடுகிறவன், மீன் பிடிக்கிறவன், நீந்துகிறவன் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் உடுப்பை முடிவு செய்வார்கள். அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அரை டிராயர். ஐம்பதுக்குக் கீழே என்றால் உடம்பு முழுக்க ரப்பர் உடுப்பு.

இன்றைக்கு அந்த வெப்பமானி ஆற்றில் இல்லை!

புதர் மறைவில் ஒரு ஐஸ் பெட்டிக்குள், இளஞ்சூடான தண்ணீரில் சுகமாகக் கிடந்தது. விடியும் முன்பே கேப்டன் தன் கையால் கலந்த தண்ணீர். அளந்து அளந்து ஊற்றியது. சரியாக அறுபத்து நாலு!

கேபிளை எடுத்தார். ஆற்றில் போட்டார். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார்.

பிறகுதான் அழுதுகொண்டே போனார்.

ப்ரெஸ்டன் லுண்ட் செய்த குற்றம் ஒன்றே ஒன்று.

நம்பினான்!

தினமும் காலையில் சுற்றுலாக்காரர்கள் கரையில் கூடுவார்கள். கேப்டன் முழங்கால் போட்டு உட்கார்வார். சட்டைக் கையைச் சுருட்டுவார். ஆற்றில் கையை விட்டுக் கண்ணை மூடுவார்.

"ஆறு பேசுது..." என்பார். எல்லோரும் மூச்சை அடக்குவார்கள். "ஐம்பத்தி ரெண்டு!"

போனில் பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு! கைதட்டல் மலையில் மோதித் திரும்பும்.

கேப்டன் கரைக்கு வருவதற்கு முன் ஆபீஸ் கழிவறையில் போனை நோண்டிவிட்டு வருகிறார் என்பது கழிவறைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

கம்பெனியின் பாதிப் பங்கை வாங்கிய ப்ரெஸ்டனுக்கும் தெரியாது. கேப்டன் கையை அவன் சிலுவை பார்க்கிற மாதிரி பார்ப்பான். போன வாரம் குதித்துக்கொண்டு வந்தான்.

"போய்ட்! டிவிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க!"

"எதுக்குடா?"

"உங்க கைக்கு! பத்து வாளித் தண்ணி. உங்க கண்ணைக் கட்டிடுவாங்க. ஒவ்வொண்ணா கைய விட்டுச் சொல்றீங்க. யுனிவர்சிட்டிலேருந்து ஆள் வந்து அளக்கறாங்க. லைவ்!"

கேப்டனின் வாயிலிருந்த ஹக்கிள்பெரிப் பழ அப்பம் இறங்க மறுத்தது.

"இந்த மாதிரி விளம்பரமெல்லாம் எனக்குப் பிடிக்காதுப்பா..."

"உங்க தன்னடக்கம் தெரிஞ்சுதான் கேக்காமலேயே கையெழுத்து போட்டுட்டேன்!"

அந்தக் கையெழுத்து தன் சாவுக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.

ப்ரெஸ்டனுக்குப் படகு விடத் தெரியாது. ஆனால் தினமும் முதல் ஆளாகப் போவான். தினமும் முதல் சுழலில் கவிழ்வான். கறுப்பு ரப்பர் உடுப்போடு சிரித்துக்கொண்டே எழுவான். உடுப்பு இல்லாமல் நாற்பத்தாறு டிகிரி பனித்தண்ணீரில் தலைகீழாய்ப் போனால்...? அதிர்ச்சியில் வாய் திறக்கும். ஒரே இழுப்பு. நுரையீரல் முழுக்க ஆறு!

அன்று காலை, சுற்றுலாக்காரர்கள் வரும் முன்பே, கேப்டன் கண்ணை மூடி, "அறுபத்து நாலு!" என்றபோது ப்ரெஸ்டன் அரை டிராயரோடு கையசைத்துக்கொண்டே போனான்.

இரண்டாம் நாள். ஊர்ப் பொது மண்டபம். மரண விசாரணை.

விசாரணை அதிகாரி எல்டன் ஃபைஃப். ஊரின் சவப்பெட்டிக் கடையும் அவருடையதுதான். எந்தத் தீர்ப்பு வந்தாலும் அவருக்கு வியாபாரம்.

கூட்டம் பிதுங்கியது. டிவி கேமராவும் வந்திருந்தது. பத்து வாளிக்கு வரவிருந்த அதே கேமரா!

ஊர்ப் போலீஸான டெபுடி ஷெரீஃப் நோரீன் டிபெட்ஸ் எழுந்தாள். கையில் ஆவி பறக்கும் காபி. ஒரு காலத்தில் கேப்டனிடம் படகு தள்ளியவள்.

"கேப்டன்... அன்னிக்கு ஆத்துல நிஜமா இருந்தது நாப்பத்தாறு. இப்ப நெட்டைப் பார்த்தா காலைல பூரா அறுபத்து நாலு, அறுபத்து நாலுன்னு கோடு போட்ட மாதிரி நிக்குது. ப்ரெஸ்டன் செத்த கொஞ்ச நேரத்துல சடார்னு நாப்பத்தாறு. ஒரு ஆறு இப்படிக் குளிருமா?"

"குளிராதும்மா."

"அப்போ யாரோ வெப்பமானியைத் தண்ணியிலேருந்து எடுத்திருக்கான். இது கொலை!"

மண்டபம் 'ஹா' என்றது.

கேப்டன் நெஞ்சில் கை வைத்தார். "எந்தப் பாவிப் பய செஞ்சானோ! என் தம்பி மாதிரி இருந்தவன் நோரீன்!"

"அழாதீங்க. ஒரே ஒரு சந்தேகம்." காபியை மேஜையில் வைத்தாள். "வெப்பமானியை ஏமாத்தலாம். உங்க கைய எப்படி ஏமாத்த முடியும்?"

"அ... அது..."

"நாப்பத்தாறு டிகிரித் தண்ணில கைய விட்டுட்டு அறுபத்து நாலுன்னு சொல்லியிருக்கீங்க. பதினாறு வருஷமா தப்பே சொல்லாத கை! அப்போ தெரிஞ்சே பொய் சொல்லி அனுப்பியிருக்கீங்க. சரியா?"

கேப்டனின் முதுகில் ஒரு ஆறு ஓடியது. அதன் சூடு எவ்வளவு என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை.

கேமராவைப் பார்த்தார். ஃபைஃபைப் பார்த்தார். ஃபைஃப் அவருடைய உயரத்தை அளப்பது போல் பார்த்தார்.

மானமா? உயிரா?

"பொய்!" என்றார். "எல்லாம் பொய்! என் கைக்கு ஒரு எழவும் தெரியாது!"

"என்ன சொல்றீங்க?"

"நெட்ல பார்த்துட்டு வந்துதான் சொல்வேன்! ஆபீஸ் கழிவறைல உக்காந்து பார்ப்பேன்!"

பின் வரிசையில் ஒருவன் களுக்கென்றான். அடுத்த நொடி மண்டபமே அதிர்ந்தது. மார்லா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஆறு பேசுது... கழிவறைலேருந்து!" என்று ஒரு குரல்.

"நம்ப முடியலையே கேப்டன்," என்றாள் நோரீன். "சாதாரண மனுஷனுக்கே அவ்வளவு குளிர் தெரியுமே?"

"பனித்தண்ணில விட்டு விட்டு என் விரல் மரத்துப்போச்சு! பாக்கறியா?"

தொப்பி கீழே விழப் பாய்ந்து போய் அவளுடைய காபிக் கோப்பையில் விரல்களை முக்கினார்.

வலியில் உயிர் போனது. சிரித்தார். கண்ணில் நீர் கோத்தது. இன்னும் அகலமாகச் சிரித்தார்.

"ஒண்ணுமே தெரியல பாரு!"

"எடுத்துடுங்க கேப்டன். தோல் உரியுது."

எடுத்தார். வெந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்போ அன்னிக்கும் நெட்ல பார்த்துதான் சொன்னீங்க? கைய வச்சு இல்ல?"

"பைபிள் மேல சத்தியமா நெட்ல பார்த்துதான்! அறுபத்து நாலுன்னு போட்டிருந்துச்சு! ஏமாந்தவன் நானும்தாம்மா!"

"எழுதிக்கிட்டீங்களா ஃபைஃப்?"

"எழுதியாச்சு."

கேப்டன் மூச்சு விட்டார். பேர் போச்சு. தொப்பி போச்சு. ஆனால் கழுத்து தப்பித்தது!

நோரீன் கோப்பையை எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். தள்ளி வைத்தாள்.

"டியூட்டிக்கு முன்னாடி நானும் கயாக் விடற ஆள் கேப்டன். தினமும் காலைல அந்த நெட் பக்கத்தைப் பார்ப்பேன். அன்னிக்கும் பார்த்தேன்."

"ப... பார்த்தியா? அறுபத்து நாலு..."

"காலி."

"என்னது?"

"எண்ணே இல்ல. வெறும் கட்டம். ஐஸ் பெட்டியை இழுத்துட்டுப் போறப்போ யாரோ ஆன்டெனால இடிச்சிருக்கான். ஆன்டெனா வானத்தைப் பாக்காம புதரைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இரும்புப் பெட்டி அளந்து அளந்து உள்ளேயே வச்சுக்கிச்சு. பிற்பகல் ரிப்பேர்காரர் வந்து நிமித்தின பிறகுதான் காலைக் கணக்கு பூரா மொத்தமா வந்து கொட்டுச்சு."



அன்று காலை கேப்டன் நெட்டைப் பார்க்கவில்லை. தான் கலந்த தண்ணீருக்குத் தான் எதற்குப் பார்க்க வேண்டும்? சாயங்காலம்தான் பார்த்தார். அறுபத்து நாலு அழகாக உட்கார்ந்திருந்தது. திருப்தியோடு தூங்கினார்.

"நீங்க அறுபத்து நாலுன்னு சொன்னப்போ உலகத்துல எந்தப் போன்லயும் அந்த எண் இல்ல கேப்டன். ஆத்துலயும் இல்ல. ஒரே ஒரு ஐஸ் பெட்டிலதான் இருந்துச்சு. கைய வச்சுச் சொல்லலைன்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க. அப்போ கலந்தவனுக்குத்தானே தெரிஞ்சிருக்கும்?"

கேப்டன் வாயைத் திறந்தார். ப்ரெஸ்டன் தலைகீழாகத் திறந்த மாதிரியே!

"ப்ரெஸ்டனும் காலியா இருந்ததைப் பார்த்தார். காலைல சாப்பாட்டுக் கடைல என்கிட்ட காமிச்சார். 'ரப்பர் உடுப்பைப் போட்டுக்கோ'ன்னு சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா?"

நோரீன் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

"'நெட் போனா என்ன? போய்டோட கை இருக்கே!'ன்னார். உங்க கைய நெஜமா நம்பினது இந்த ஊர்லயே அவர் ஒருத்தர்தான்!"

விலங்கு 'க்ளிக்' என்றது. வெந்த விரல்களில் இரும்பு உரச, கேப்டன் ஊளையிட்டார்.

"அடடே... உணர்ச்சி வந்துடுச்சே!" என்றாள் நோரீன். கீழே கிடந்த தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். "நல்லதாப் போச்சு. ஜெயில்ல குளிக்கிறதுக்கு முன்னாடி கைய வச்சுப் பார்த்துக்கோங்க கேப்டன்... அங்க நெட் கிடையாது!"