மேற்குச் சுவரில் ஒரு மீன்

அந்த விடுமுறையில் பொதுமண்டபத்துக்குள் கடல் வந்தது.

மண்டபத்தின் கதவு கிழக்கே. திறந்தால் மதிலுக்கு அப்பால் உண்மையான கடல். அதற்கு நேரெதிரே, மேற்குச் சுவரில், இன்னொரு கடலை வரைவோம் என்று றொசானி அக்கா சொன்னார். நடுவில் நின்றால் நனையாமலே குளிக்கலாம் என்றும் சொன்னார். அவர் கல்முனைப் பாலர் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறவர். பழைய மண்டபத்தை அழகாக்க வந்த தொண்டர்களுக்கு அவர்தான் தலைமை.

ஸம்றாவுக்குப் பத்து வயது. அலைகள் வரைவது அவளுடைய வேலை. நீலத்தோடு வெள்ளையைக் கலந்தால் காலைக் கடல் வந்தது. பச்சையைச் சேர்த்தால் மழைக்கு முந்திய கடல் வந்தது. மூக்கு நுனியிலும் கொஞ்சம் கடல் ஒட்டியிருந்தது.

அலைகளுக்கு நடுவே சொனியா ஒரு மீன் வரைந்தாள். அவளுக்கு எட்டு வயது. வாயைத் திறந்தால் தூரிகை சொட்டிவிடும் என்பதுபோலப் பேசாமல் வரைவாள். ஒவ்வொரு செதிலுக்கும் ஒவ்வொரு நிறம். வட்டமான பெரிய கண். எங்கே போய் நின்றாலும் அந்தக் கண் நம்மையே பார்த்தது. வெயில் உள்ளே விழும் நேரத்தில் மீன் மெல்ல அசைவதாகக்கூட ஸம்றாவுக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொனியா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் அயல்வீட்டுச் சல்மா உம்மா தேநீர் கொண்டு வந்தார். மீனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மீன் நல்ல வடிவா இரிக்கி, புள்ளயள்," என்றார். "ஆனா இது கிப்லாப் பக்கம்தானே? பொம்புளையள் நாங்க இந்தச் சுவரப் பாத்துத்தானே தொழுற? கண்ணுள்ள மீனொண்டு முன்னால நிண்டா எப்பிடித் தொழுற?"

நோன்பு மாதத்திலும் பெருநாளிலும் பெண்கள் தொழுவது இந்த மண்டபத்தில்தான். தொழும்போது நோக்கும் திசை மேற்கு என்பது ஸம்றாவுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும். போன பெருநாளைக்கு அவளே இங்கே தொழுதிருக்கிறாள். நீலத்தைக் கலக்கும் சந்தோசத்தில் திசையை மறந்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தொண்டர்களில் ஒருவரான ஹாதிக், பிள்ளைகளுக்கு அண்ணன் முறையில் காக்கா, வாளியில் நீலத்தைக் கரைத்தார். சொனியா வருமுன் மீனை மூடிவிட்டால் அந்தப் பிள்ளை அதைப் பார்த்து அழ வேண்டியதில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். றொசானி அக்காவும் வேறு வழி தெரியாமல் தலையாட்டினார்.

ஸம்றா ஓடிப்போய் மீனுக்கு முன்னால் நின்றாள்.

"வேணாம் காக்கா. அவள் வரக்குள்ள மீன் இல்லாட்டி, நாம களவா அழிச்ச மாதிரித்தான். பிறகு அவள் இஞ்சால வரவே மாட்டாள். நான் அவளோட கதைக்கிறன்."

காக்கா வாளியைக் கீழே வைத்தார். ஸம்றா திரும்பியபோது அவளுடைய முதுகில் காயாத செதில்கள் சில மின்னின. அதைச் சொல்லி அவர் சிரித்தார்.

பூசை முடிந்து சொனியா வெள்ளைச் சட்டையோடு வந்தாள். ஸம்றா ஒரு பாயை விரித்து அவளைப் பக்கத்தில் இருத்தினாள். தொழும்போது பெண்கள் எப்படி நிற்பார்கள், எப்படிக் குனிவார்கள், எதற்காக மனதை ஓரிடத்தில் வைப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். சொனியா குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். மீன் அவளையே பார்த்தது.

"ஓம், என்னத்தான் பாக்குது," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விசயம் விளங்கியதும் கண் கலங்கிவிட்டது.

வெளியே அலை வந்து போகும் சத்தம் கேட்டது. சுவரில் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே தண்ணீர் என்று நினைக்கலாம்போல இருந்தது.

ஸம்றா கதவு வழியாகக் கடலைப் பார்த்தாள். அங்கே ஒரு மீனும் தெரியவில்லை. ஆனால் கடல் நிறைய மீன்.

"சொனியா, மீன் எப்பவும் மேலேயா நிக்கும்? ஆழத்துக்கும் போகும்தானே?"

சொனியா மீனை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, தூரிகையை எடுத்து, வாலிலிருந்து தொடங்கினாள். யாரையும் தொட விடவில்லை. செதில் செதிலாக மீன் தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியாகக் கண்ணின்மேல் நீலத்தைப் பூசும்போது, "போயிட்டு வா," என்றாள்.

மீன் இறங்கிய இடத்தில் சின்னதும் பெரியதுமாக நீர்வளையங்களை வரைந்தாள். முன்பைவிட இப்போதுதான் சுவர் உண்மையான கடலாகத் தெரிந்தது.

ஆனால் ஸம்றாவுக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு. போயிட்டு வா என்று சொல்லியாகிவிட்டது. போன மீன் எங்கே வரும்? மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தாள். கடைசியில் றொசானி அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, கதவுக்கு நேரே கடற்கரை மதிலைக் காட்டினாள். அதைத் தனக்கும் சொனியாவுக்கும் தரச் சொல்லிக் கேட்டாள். சல்மா உம்மாவிடமும் போய் விசாரித்தாள். வெளிமதில்தானே, அங்கே தொழுகிறவர்கள் இல்லையே என்று அவர் சம்மதித்தார். ஆனால் அங்கே என்ன வரப்போகிறது என்று ஸம்றா சொல்லவில்லை.

பெருநாள் காலையில் மண்டபம் நிறையப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் அமைதியான நீலக் கடல். தொழுகை முடிந்து எல்லோரும் கிழக்குக் கதவால் வெளியே வந்தார்கள். எதிரே, தொழுகை வரை பாயால் மூடியிருந்த மதிலில், செதிலுக்கொரு நிறமாக, அந்த மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலே உண்மையான கடல் மினுங்கியது.

பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் சாப்பிட வந்திருந்த சொனியா மதிலடியில் நின்றாள். சல்மா உம்மா குனிந்து, மீன் எப்போது வந்தது என்று அவளிடம் கேட்டார்.

"இப்பதான்," என்றாள் சொனியா. "நீங்க தொழுது முடியுமட்டும் தண்ணிக்குள்ளதான் பாத்துக்கொண்டு நிண்டது."