ஜெராய் மலையில் விட்டுவந்தது

பொழுது விடிந்து வெளிச்சம் பரவியபோது பரஞ்சோதியின் குடும்பம் ஜெராய் மலையடிவாரத்து ஓடைக்கு வந்து சேர்ந்திருந்தது. சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் ரப்பர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று நம் லயத்துக் குடியிருப்புக்கும் லாரி வருகிறது என்று, வேலையை மேற்பார்க்கும் தண்டல் முருகையா காதோடு சொல்லியிருந்தார். மலையைத் தாண்டி யான் என்ற ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அங்கே வயல் வேலை செய்யும் பரஞ்சோதியின் அண்ணன் மணியம் இருந்தார்.

மகள் ரமணிக்கு ஆறு வயது. வேரையும் பாறையையும் பிடித்து வெறுங்காலோடு ஏறினாள். கைக்குழந்தை அழகேசன் தாய் குணவதியின் மார்போடு சேலையில் கட்டப்பட்டிருந்தான். அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. மரவள்ளிக் கஞ்சி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே வந்தான்.

"அப்பா, கால்ல அட்டைப்பா," என்றாள் ரமணி.

"பிச்சுப் போட்டுட்டு நட."

பாதி மலையில் மேகம் இறங்கி வழியை மூடியது. அழுகிய இலைகளின் வாடை மூக்கை அடைத்தது. எங்கோ நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கீழேயிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜப்பானிய மொழியில் யாரோ அதட்டினார்கள்.

பாதையோரப் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

அழகேசன் வீறிட்டான்.

குணவதி மார்பைத் திணித்தாள். துப்பிவிட்டு மறுபடியும் வீறிட்டான். பரஞ்சோதி தன் அகலமான கையைக் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தினான்.

"ஏங்க, மூச்சு முட்டுது... விடுங்க."

"இவன் ஒருத்தனுக்காக எல்லாரும் சாகணுமா? மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க."

குழந்தையின் நெற்றி நீலம் பாய்ந்தது. குணவதி கணவனின் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. கை நகரவில்லை.

"என்கிட்ட குடு."

பாறையின் மறு ஓரத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். பால் மரம் வெட்டப் போகிறவளைப் போலத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். மழையே இல்லாத அந்த நாளில் அவள் சேலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. தாய்ப்பால் புளித்த வாடை வீசியது.

"குடு தங்கச்சி. சத்தம் வராது."

கணவனின் கையைவிட யாருடைய கையும் மேல் என்று குணவதிக்குத் தோன்றியது. பிள்ளையைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் குனிந்து, குழந்தையின் உதட்டில் உதடு பதித்து, மெல்ல உறிஞ்சினாள்.

அழுகை நின்றது.

பூட்ஸ்கள் பாறையை உரசிக்கொண்டு கடந்து போயின. சத்தம் தேய்ந்தபோது அந்தப் பெண்ணைக் காணோம். அழகேசன் பாசியின் மேல் கிடந்தான். உயிர் இருந்தது. முகம் சிவக்க, வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தான்.

சத்தம்தான் இல்லை.

யானில் மணியம் நடந்ததைக் கேட்டதும் வெளிறிப்போனார்.

"போன மாசம் பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி இப்படித்தான் ஏறி வந்தா. ஜப்பான்காரன் வந்தப்ப புள்ள வாயப் பொத்திட்டா. அவன் போனப்புறம் பாத்தா, புள்ள செத்துக் கெடக்கு. அங்கேருந்தே பள்ளத்துல குதிச்சிட்டா. இந்தக் கம்போங்ல, ஊர் சனம் எல்லாருக்கும் தெரியும்."

"நம்ம புள்ள உசுரோடதான இருக்கு? விடுங்கண்ணே," என்றான் பரஞ்சோதி.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு தோட்டத்தில் மறுபடி வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். குடும்பம் அதே மலை வழியாகத் திரும்பியது. அழகேசன் இப்போது அம்மாவின் கையைப் பிடித்து நடந்தான். அதுவரை அவன் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வந்ததில்லை.

நடுப்பகலில் அந்தப் பாறையருகே மேகம் இறங்கியது. உள்ளேயிருந்து மழலைக் குரல் கேட்டது.

"அம்மா, காலு வலிக்குது. தூக்கு."

ரமணி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா... தம்பி வாயப் பாரேன்."

அந்தச் சொற்களுக்கு ஏற்றபடி அழகேசனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"இந்தா தூக்கிக்கிறேன் சாமி," என்று குணவதி குனிந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டு மேகத்தைப் பார்த்தான்.

"வர்றேன் சாமி," என்றது மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"அவன் குரலக் குடுத்துடுடி! எம்புள்ளயோடதுடி!"

குணவதி கத்திக்கொண்டே மேகத்துக்குள் பாயப் போனாள். பரஞ்சோதி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, ரமணியை முன்னால் தள்ளி, சரிவில் ஓடினான். கீழே வந்து சேரும்வரை அழகேசன் தகப்பனின் முதுகைப் பிறாண்டிக்கொண்டே வந்தான்.

லயத்துக்குத் திரும்பிச் சில நாட்கள் கழிந்தன. ஒரு சாயங்காலம் குணவதி வாசலில் உட்கார்ந்து, எதிரே நின்ற மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் உதடுகள் மெல்ல அசைந்தன.

அம்மா.

அந்த ஒரு சொல்லை மட்டும் உதட்டில் படிக்க அவள் பழகியிருந்தாள். கண் நிறைய, "என்னடா தங்கம்?" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டு கைகளையும் தூக்கினான்.

ஈரக் காற்று ஒன்று குணவதியின் காதை உரசிக்கொண்டு முன்னே போனது.

அவனுடைய சின்னக் கால்கள் தரையை விட்டு எழும்பின. அந்தரத்தில், யாருடைய தோளிலோ, அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான்.